ஊரை நடத்த ஓர் ஆள்

கட்டுமாவடி புதுக்கோட்டை மாவட்டத்து ஊர் என்பது இன்று எல்லோருக்கும் பழகிப்போன செய்தி. ஆனால் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்குக் கடற்கரை என்று ஒன்று இருந்ததே இல்லை. தொண்டைமான்களின் ஆட்சிப்பரப்பு நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்டது. பாக் நீரிணையை ஒட்டிக் கிழக்கே அமைந்த கட்டுமாவடி, மணமேல்குடி முதலிய ஊர்கள் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1974ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் அரசர் ஆண்ட மண்ணும் கலெக்டர் ஆண்ட மண்ணும் ஒரே வரைபடத்திற்குள் வந்து சேர்ந்தன. மீன் ஏலத்திற்குப் பெயர்பெற்ற இந்த எல்லையூரில் நின்று பார்த்தால், ஊரை நிருவகிக்க ஆள் அமர்த்திய இரு வேறு வரலாறுகள் நமக்குத் தெரிகின்றன.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்தது. அடுத்த தேர்தல் அறிவிக்கப்படாத நிலையில் கிராம ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. வட்டார வளர்ச்சி அலுவலரே ஒன்றியத்து ஊராட்சிகளுக்கெல்லாம் தனி அலுவலர். அந்த நாள்களில் நம் வகுப்பில் கடற்கரைப் பகுதியிலிருந்து வரும் மாணவர் ஒருவர், சங்க இலக்கியப் பாடத்தின் நடுவே, "சார், இனிமே ஊரு வரவு செலவ யாருகிட்ட கேக்குறது?" என்றார். பாடத்திற்குப் பொருந்தாத கேள்வி என்று தள்ளிவிட மனம் வரவில்லை. தமிழ்நாட்டுக் கல்வெட்டு வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற பக்கமொன்று இதே கேள்வியைத்தான் கேட்டு விடையும் சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் குடவோலையை மட்டும் படித்துவிட்டு நாம் எழுந்து வந்துவிட்டோம்.

உத்திரமேரூரைத்தான் சொல்கிறோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள இவ்வூரின் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட இரண்டு தீர்மானங்களைப் பள்ளிக் குழந்தைகளும் அறிவார்கள். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இடுதல், ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தல், பன்னிருவர் கொண்ட சம்வத்சர வாரியம், பன்னிருவர் கொண்ட தோட்ட வாரியம், அறுவர் கொண்ட ஏரி வாரியம், முந்நூற்று அறுபது நாள் பதவிக்காலம் ஆகியவை மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை. இதை மக்களாட்சியின் தொட்டில் என்று முழங்குவோர், அது பிராமணர்க்கு வழங்கப்பட்ட பிரமதேய ஊர் என்பதையும், காணியும் வேதக் கல்வியும் இல்லாதவரின் பெயர் குடத்திற்குள் போகவே முடியாது என்பதையும் மென்று விழுங்கிவிடுவார்கள். அந்த ஏரியைத் தூர்வாரியவர்க்கு அந்த வாரியத்தில் இடமில்லை. இதைச் சொல்லிவிட்டே மேலே செல்வது முறை.

நமக்கு வேண்டிய பகுதி தீர்மானத்தின் பின்பகுதியில் வருகிறது. வாரியத்தார் ஆண்டுதோறும் மாறுவர். ஒருமுறை இருந்தவர் மூன்றாண்டு கழிந்தே மீண்டும் வரலாம். அப்படியானால் ஆண்டு மாறினாலும் மாறாமல் ஊர்ப் பணியைத் தொடர்ந்து செய்பவர் யார்? கணக்கர். அவர் குடத்திலிருந்து வருபவர் அல்லர். சபை அமர்த்தும் ஆள். நிலம், வரி, ஏரி, தண்டம் எல்லாம் அவர் ஓலையில்தான் இருக்கும். எனவே சபையார் அவரை அமர்த்துவதற்குத் தனி விதிகளைச் செய்தார்கள். நேர்வழியில் பொருளீட்டியவரே ஊர்க்கணக்கு எழுத வேண்டும். தாம் எழுதிய காலத்துக் கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் காட்டித் தூயவர் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே அவர் மறுபடியும் அப்பணியில் அமரலாம். தாம் எழுதிய கணக்கைத் தாமே வந்து காட்ட வேண்டும். வேறொரு கணக்கர் புகுந்து அதை முடித்து வைக்கக் கூடாது.

இந்த மூன்றாம் விதியை எண்ணிப் பாருங்கள். அலுவலகம் ஒன்றில் பணிமாறிப் போனவரின் கோப்பை அடுத்து வந்தவர் திறந்து, "இது என் காலத்தில் நடந்ததன்று" என்று கைவிரிப்பதைக் காணாதவர் நம்மில் யார்? பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சபை இந்தத் தந்திரத்தை முன்னுணர்ந்து அடைத்திருக்கிறது. குடவோலை விதிகளைவிட இவ்விதியே நிருவாக அனுபவத்தின் முதிர்ந்த கனி என்பது நம் எண்ணம். வாரியத்தார்க்கும் இதே கடுமை உண்டு: வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்திலிருந்து விலக்கப்பட்டனர்.

இன்னொரு நுட்பம். இந்தத் தீர்மானத்தை எழுத்தில் வடித்தவர் சபையின் மத்தியஸ்தர். சபையார் பணிக்கத் தாம் எழுதியதாக இறுதியில் அவரே கையொப்பமிட்டுச் சொல்கிறார். அவரும் ஊர் அமர்த்திய பணியாளரே. பணியாளரைக் கட்டுப்படுத்தும் விதியைப் பணியாளரின் கையாலேயே எழுதுவித்திருக்கிறார்கள். சபை கூடியபோது அரசனின் ஆணைபெற்ற அதிகாரி ஒருவரும் உடனிருந்தார் என்பதைக் கல்வெட்டு மறைக்கவில்லை. எனினும் கணக்கு அரசனிடம் போகவில்லை; ஊர்ச் சபையிடமே திரும்பி வந்தது.

அச்சபைகள் பின்னர் நலிந்து மறைந்தன. ஆங்கிலேயர் காலத்துக் கட்டுமாவடி போன்ற கடற்கரை ஊர்களில் சபையின் இடத்தில் நாம் காண்பது மணியக்காரரையும் கர்ணத்தையும்தான். இவர்களை ஊர் தேர்ந்தெடுக்கவில்லை. பெரும்பாலும் தந்தைக்குப்பின் மகன் என்று பதவி வழிவழி இறங்கிற்று. கணக்கு தாசில்தார் வழியாகக் கலெக்டருக்குச் சென்றது. ஊரார் கர்ணத்திற்கு அஞ்சினார்களேயன்றிக் கர்ணம் ஊராருக்கு அஞ்சவில்லை. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு இப்பரம்பரைப் பதவிகளை ஒழித்துக் கிராம நிருவாக அலுவலர்களை அமர்த்தும் வரை இந்நிலை நீடித்தது. அந்த மாற்றம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் பரம்பரை போய்த் தேர்வு வந்ததே தவிர, கணக்குச் செல்லும் திசை மாறவில்லை.

சமஸ்தானத்துப் பக்கம் நடந்ததோ வேறு கதை. அங்கே ஊரை நடத்தத் திறமைமிக்க ஓர் ஆளை வெளியிலிருந்து வரவழைத்தார்கள்.

இராமச்சந்திர தொண்டைமான் 1839 முதல் 1886 வரை அரசராக இருந்தவர். ஆடம்பரமும் கடனும் அரண்மனையைச் சூழ்ந்தன. அதன் விளைவாக 1859இல் ஆங்கில அரசு அவருடைய 'எக்ஸலன்சி' என்ற மரியாதைப் பட்டத்தையே பறித்தது. பட்டம் போவது மானக்கேடு. கருவூலம் காலியாவது அதனினும் பெரிய கேடு. இந்நிலையில்தான் 1878இல் அ. சேஷய்ய சாஸ்திரி புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். தஞ்சை மாவட்டத்து அமராவதி என்னும் சிற்றூரில் 1828இல் பிறந்தவர். சென்னையில் பவுல் என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்றவர். வருவாய்த் துறையில் படிப்படியாக உயர்ந்து, 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர். அக்காலத்தில் சமஸ்தானங்களுக்கு நிருவாகிகளை வழங்கும் விளைநிலமாகக் காவிரிக்கரை இருந்தது என்றால் மிகையாகாது. சாஸ்திரிக்கு முன் திருவிதாங்கூரை நடத்திய த. மாதவ ராவும் கும்பகோணத்தவரே. அவர் அங்கிருந்து இந்தூருக்கும் பின்னர் பரோடாவுக்கும் சென்றார். பெரிய நாட்டை நடத்திய சாஸ்திரி சிறிய புதுக்கோட்டைக்கு வந்ததை ஊரார் வியப்போடுதான் பார்த்திருக்க வேண்டும்.

வந்தபோது அவர் பதவிக்குப் பெயர் 'சிர்க்கேல்'. திவான் என்ற பெயர் பின்னரே வந்தது. அவர் கைவைத்த முதற்பெரும் சிக்கல் அமானி முறை. விளைச்சலை அரசும் உழவரும் களத்தில் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. கேட்பதற்கு நியாயமானது போலத் தோன்றும். நடைமுறையில் அறுத்த கதிரும் அடித்த நெல்லும் அதிகாரி வந்து பார்க்கும்வரை களத்திலேயே காத்துக் கிடக்கும். மழை வரலாம், எலி வரலாம், திருடனும் வரலாம். அதிகாரியின் கீழிருந்த சிறு ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பிடி போக வேண்டும். அரசுக்குச் சேர வேண்டியது அரசுக்கும் சேரவில்லை, உழவருக்கும் மிஞ்சவில்லை. சாஸ்திரி இம்முறையை ஒழித்து நிலத்திற்குப் பணமாகத் தீர்வை விதிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். 1888இல் இனாம் நிலங்களுக்கும் ஒரு தீர்வு செய்யப்பட்டது. போர்ப்பணிக்காக முன்னோர் பெற்றிருந்த நிலங்கள், போரே இல்லாத காலத்தில் என்ன கடமைக்கு உரியவை என்ற கேள்விக்கு அத்தீர்வு விடை தேடிற்று.

இடையே 1886இல் அரசர் மறைந்தார். சுவீகாரப் பேரன் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவர். 1894 வரை சாஸ்திரியே திவான் ரீஜன்ட். அதாவது அமர்த்தப்பட்ட நிருவாகியே அரசரின் இடத்திலும் இருந்து ஆண்டார். இக்காலத்தில் நடந்த ஒன்று கட்டுமாவடிக்கும் சற்றே தொடர்புடையது. சமஸ்தானத்தில் உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சி வந்தனர். ஆங்கில அரசின் உப்பு வருவாய்க்கு இது இடையூறு. 1887இல் ஆண்டுக்கு 38,000 ரூபாய் ஈடாகப் பெற்றுக்கொண்டு மண்ணுப்புத் தயாரிப்பை நிறுத்தச் சமஸ்தானம் உடன்பட்டது. கருவூலத்திற்கு உறுதியான வருவாய். ஆனால் மண்ணைக் காய்ச்சிப் பிழைத்த குடும்பங்களும் மலிவாக உப்பு வாங்கிய ஏழைகளும் அந்த 38,000 ரூபாயில் எத்தனை காசு கண்டிருப்பார்கள்? கடலே இல்லாத நாட்டார் இனி வரிகட்டிய உப்பையே உண்ண வேண்டும் என்பது, அவர்களைக் கேளாமல் அவர்கள் உலைக்குச் செய்யப்பட்ட முடிவு.

நகரத்தின் மீதும் சாஸ்திரியின் முத்திரை ஆழமானது. புதுக்கோட்டை நகரை முதன்முதலாக அறிபவர்கள் அதன் தெருக்கள் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதைக் கண்டு வியப்பார்கள். மேல ராஜ வீதி, கீழ இரண்டாம் வீதி, வடக்கு மூன்றாம் வீதி என்று திசையும் எண்ணுமாகவே முகவரி சொல்லும் நகரம் அது. 1812இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் பிளாக்பர்ன் என்ற ஆங்கில ரெசிடென்டின் காலத்தில் நகரம் இவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டது. சாஸ்திரியின் காலம் அந்த ஒழுங்கின் மேல் குளங்களையும் பொதுக் கட்டடங்களையும் சேர்த்து இன்று நாம் காணும் நகரத்தை உருவாக்கிற்று. அமர்த்தப்பட்ட ஆளின் திறமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவரைப் பற்றிய முழு வாழ்க்கை வரலாறே ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அவர் உயிரோடிருக்கும்போதே 1902இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

அத்தகைய ஆள் யாருக்குக் கணக்குக் காட்டினார்? திருச்சிராப்பள்ளிக் கலெக்டரே சமஸ்தானத்திற்குப் பொலிடிகல் ஏஜென்ட். ஆண்டறிக்கை அவர் வழியாகச் சென்னை அரசுக்குப் போயிற்று. வரவு, செலவு, மழையளவு, பள்ளிக்கூடம், சிறைக்கூடம் எல்லாம் துல்லியமாக அச்சிடப்பட்ட அறிக்கைகள் அவை, ஆய்வாளர்க்குப் பொற்குவை. ஆனால் ஆங்கிலத்தில் அமைந்தவை. கீழ மூன்றாம் வீதியில் குடியிருந்து வரி கட்டிய கடைக்காரர் அவற்றைப் படித்திருக்க வழியில்லை. படித்துக் கேள்வி கேட்க ஒரு கூடமும் இல்லை. 1902இல்தான் பிரதிநிதி சபை என்று ஒன்று தோன்றியது. நகராட்சி 1912இல் அமைந்தது. நல்ல நிருவாகம் முன்னே வந்துவிட்டது. கேள்வி கேட்கும் மன்றம் கால் நூற்றாண்டு பின்தங்கி, அதுவும் தயங்கித் தயங்கியே வந்தது.

ஏறக்குறைய இதே காலத்தில் உலகின் மறுகோடியில் இதே வேலை வேறு விதமாக நடந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்டாண்டன் என்ற சிறுநகரம் 1908இல் ஆஷ்பர்னர் என்பவரைச் சம்பளத்திற்கு அமர்த்தி நகரப் பணிகளை ஒப்படைத்தது. 1913 மார்ச்சில் பெருவெள்ளத்தில் மூழ்கிய ஒஹையோ மாநிலத்து டேடன் நகரத்தார், பழைய கட்சி அரசியல் ஊரைக் காக்காது என்று முடிவுகட்டித் தங்கள் சாசனத்தையே மாற்றினர். பனாமாக் கால்வாயை முடித்த கோதல்ஸை அவர்கள் முதலில் அழைக்க, அவர் மறுத்துவிட்டார். பிறகு சின்சினாட்டி நகரின் பொறியாளராயிருந்த ஹென்றி வெய்ட் 1914இல் பொறுப்பேற்றார். கட்டுமானம் தெரிந்த ஆளைத் தேடியதில் டேடனுக்கும் புதுக்கோட்டைக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் வெய்ட்டை அமர்த்தியதும் நீக்க வல்லதும் வாக்காளர் தேர்ந்தெடுத்த ஐவர் குழு. கணக்கு அந்த ஐவரிடம் திரும்பி வந்தாக வேண்டும்.

புதுக்கோட்டையில் அது திரும்பி வராததன் விலை 1931இல் தெரிந்தது. அப்போதைய திவான் த. இராகவையா. அவரும் சாஸ்திரியைப் போலவே திருவிதாங்கூரின் முன்னாள் திவான். அனுபவத்தில் குறைந்தவர் அல்லர். அரசர் இராஜகோபாலத் தொண்டைமானுக்கு அப்போது ஒன்பது வயது. உலகப் பொருளாதார மந்தம் விளைபொருள் விலையை வீழ்த்திய அந்த ஆண்டில் நகராட்சி வரிகள் உயர்ந்தன. புதுக்கோட்டை நகரம் கொந்தளித்தது. மனுவோடும் கூட்டத்தோடும் நிற்காமல் கலவரமாக மூண்டது. பேரரசுக்கு எதிரான போராட்டங்களால் நாடு அதிர்ந்துகொண்டிருந்த காலத்தில், இந்த நகரம் சொந்தத் தெருவின் வரிக்காக எழுந்தது என்பதை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. நமக்கு அது பெரிய செய்தியாகவே படுகிறது. வீதியை நேராக்கிய நிருவாகம், வீதியில் இருந்தவரிடம் பேசும் வழியை அமைக்க மறந்திருந்தது.

இதற்கு ஆங்கில அரசு கண்ட மருந்து என்ன தெரியுமா? இன்னொரு நிருவாகி! அதே ஆண்டின் இறுதியில் இராகவையா விலக, ஐ.சி.எஸ். அதிகாரியான ஹோல்ட்ஸ்வொர்த் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரில் வந்தார். 1934இல் அவரிடத்திற்கு அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் வந்து 1946 வரை இருந்தார். பன்னிரண்டாண்டுகள், ஒரு தலைமுறை பள்ளிக்குப் போய்த் திரும்பும் காலம். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆளை மாற்றினார்கள்; கணக்குச் செல்லும் திசையை மாற்றவில்லை என்பதே நம் முறையீடு. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானபோது இந்த அத்தியாயம் முடிந்தது.

முடிந்ததா? 2024இல் புதுக்கோட்டை மாநகராட்சியாக உயர்ந்தது. மாநகராட்சிக்கு மேயர் உண்டு; ஆனால் அன்றாட நிருவாகத்தை நடத்தும் ஆணையரை அமர்த்துவதும் மாற்றுவதும் மாநில அரசு. சென்னை மாநகராட்சிக்கு 1919ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த ஏற்பாட்டின் வழிவந்ததே இது. ஆணையர் நல்லவராயிருந்தால் நகரம் மகிழ்கிறது. இடமாற்றல் ஆணை வந்தால் பெருமூச்சு விடுகிறது. இரண்டிலும் நகரத்திற்குப் பங்கில்லை.

கிராம ஊராட்சியில் ஏற்பாடு இதைவிட மேலானது என்பதை நகரவாசிகள் பலர் அறியார். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தலைவரே ஊராட்சியின் நிருவாக அதிகாரி. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் காசோலை செல்லும். கட்டுமாவடியின் தலைவருக்குள்ள இத்தகைய அதிகாரம் புதுக்கோட்டை மேயருக்கு இல்லை. இவ்வளவும் தேர்தல் நடந்தால்தான். 1991 முதல் 1996 வரை, 2016 முதல் 2019 வரை, மீண்டும் 2025 ஜனவரியிலிருந்து என்று இந்த அதிகாரம் மூன்று முறை தனி அலுவலரிடம் போயிருக்கிறது. தனி அலுவலர் திறமையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் அமர்ந்து பல ஊராட்சிகளைப் பார்க்கும் ஒருவரை, தம் ஊர்த் தெருவிளக்கு எரியவில்லை என்று காலையில் வாசலில் போய் எழுப்ப இயலாது என்பதே வேறுபாடு.

ஆயினும் மாணவரின் கேள்விக்கு விடை உண்டு. மன்றம் கலைந்தாலும் கிராம சபை கலைவதில்லை. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். காணியும் வேதமும் கேட்பாரில்லை. குடியரசு நாள், மார்ச் 22, மே 1, விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். ஊராட்சியின் வரவு செலவை அக்கூட்டத்தில் வைத்தாக வேண்டும்; தனி அலுவலர் காலத்திலும் இது மாறாது. பெரும்பாலான ஊர்களில் என்ன நடக்கிறது? வருகைப் பதிவேட்டில் கையொப்பம் முதலில் நடக்கும். பிறகு ஊராட்சிச் செயலர் மடமடவென்று தொகைகளை வாசிப்பார். வெயில் ஏறும்; கூட்டம் நிழல் தேடும். "குடிநீர்க் குழாய் பராமரிப்பு" என்ற தலைப்பில் வாசிக்கப்படும் தொகையை, "எந்தத் தெருக் குழாய்?" என்று ஒருவர் கேட்டால் போதும், வாசிப்பின் வேகம் குறைந்துவிடும்.

அந்த மாணவரிடம் இதைச் சொன்னோம். அடுத்த கிராம சபை நாள் கல்லூரிக்கு விடுமுறைதானா என்று அவர் நாட்காட்டியைப் பார்த்தார், விடுமுறைதான். தீர்மானப் பதிவேட்டில் தாம் கேட்ட கேள்வியையும் எழுதச் சொல்லலாமா என்றார். எழுதச் சொல்லலாம் என்றோம்.